நல்ல நாள் பார்த்து உட்கார வேண்டிய சைக்கிள்

அன்று காலை அவர் கடைசியாகக் கேட்டது ஒரு பச்சை மிளகாய். கூழுக்குக் கடித்துக்கொள்ள நான் வைத்த இரண்டிலும் காரமே இல்லை என்றார். கொல்லையில் இருந்த செடியில் நன்றாக முற்றியதாக ஒன்றைத் தேடிப் பறித்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கூழ்ச் சொம்பு சிந்தாமல் தரையில் இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பிறகு என்னென்னவோ சொன்னார். நெஞ்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அது மாசி மாதம், புதன்கிழமை. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அறுபது பழைய சைக்கிள்களுக்கு முன்னால் தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு அவர் ஜவ்வாது மலை ஏறுவதாக இருந்தது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அதில் அவருடைய படமும் இருந்தது.

அதில் ஒரே ஒரு சிக்கல்தான். என் கணவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எண்பத்தாறில் எங்கள் கல்யாணத்தின்போது என் அப்பா அவருக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கறுப்பு, இருபத்திரண்டு இஞ்ச், முன்னால் டைனமோ விளக்கு. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியும் இல்லையா என்று பந்தலில் பத்துப் பேர் முன்னால் அப்பா கேட்டார். ஆதிநாராயணன் தலையை ஆட்டினார். அவருடைய ஊருக்கு நாலு மைல். புது மாப்பிள்ளை பெண்ணை முன்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்க என் தோழிகள் தெருக்கோடி வரை வந்தார்கள். அவர் ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.

"புது வண்டி. நல்ல நாள் பாத்துத்தான் உக்காரணும்" என்றார்.

பெரியவர்கள், பையன் பக்தியுள்ளவன் என்று மெச்சினார்கள். நான் பட்டுப்புடவையோடு பக்கத்தில் நடந்தேன். ஊர் எல்லை வந்ததும், "எனக்கு ஓட்டத் தெரியாது சாந்தா" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எனக்கு ஓட்டத் தெரியும். அப்பாவின் சைக்கிளில் அரைப்பெடல் அடித்துப் பழகி, வாய்க்கால் வரப்பில்கூட விழாமல் போவேன். அதை அன்று நான் சொல்லவில்லை.

அந்த நல்ல நாள் வரவேயில்லை. அவர் மலைச்சரக்கு வியாபாரம் பார்த்தார். உப்பு, கருவாடு, சோப்பு, தீப்பெட்டி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி மலைக்குத் தள்ளிக்கொண்டு போவார். இறங்கும்போது புளி, சாமை, கடுக்காய், பலா. அந்தப் பாதையில் பாரத்தோடு யாருமே ஓட்ட முடியாது, எல்லோரும் தள்ளத்தான் செய்வார்கள். வண்டி காலியாக இருந்தால் ஓட்டுவார்கள். இவர் தன் வண்டி காலியாக இல்லாமல் பார்த்துக்கொண்டார். ஒன்றும் இல்லாத நாளில் கேரியரில் ஒரு கட்டு விறகாவது இருக்கும். தள்ளும்போது கெண்டைக்காலில் இடிக்கிறது என்று இடது பெடலைக் கழற்றிப் பரணில் போட்டார். சீட்டுக்குப் பழைய குடைத் துணியில் நான் ஓர் உறை தைத்துப் போட்டேன். இப்படி முப்பத்தெட்டு வருடம். நானும் அந்த வண்டியைத் தொடவில்லை. பெண்டாட்டி அதை ஓட்டினால், புருஷன் ஏன் ஓட்டுவதில்லை என்று யாராவது கேட்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் வெற்றிச்செல்வன் வந்தார்.

வெற்றிச்செல்வனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கரடுமுரடான மண்பாதைகளைத் தேடித் தேடிப் போய் ஓட்டுவது அவர்களுக்கு விருப்பம். எங்கள் மலைப்பாதைக்குத் தார் போடச் சொல்லி இருபது வருடமாக மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அங்கன்வாடியில் வேலை பார்த்ததால் மனு எழுதும் வேலை என் தலையில்தான் விழும். வெற்றிச்செல்வன் அந்தப் பாதையில் ஒரு கைப்பிடி ஜல்லியை அள்ளிப் பார்த்து, இப்படி ஒரு தரை இந்தியாவிலேயே நாலைந்து இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது என்றார். தயவுசெய்து தார் போட்டுவிடாதீர்கள் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் தன்னால் நிறைவேற்ற முடிகிற ஒரு கோரிக்கை வந்திருக்கிறது என்று தலைவர் சந்தோஷப்பட்டார்.

பாதையைப் பார்க்க வந்த அன்று, மூன்றாவது வளைவில் என் கணவர் புளி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாகச் சைக்கிளில் மலை ஏறுகிறீர்கள் என்று வெற்றிச்செல்வன் கேட்டார். முப்பத்தெட்டு வருஷமா, என்றார் இவர். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். நாலே நாளில் லட்சம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ஓசூரில் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே பெண் அபிநயா போன் செய்தாள். அவளுடைய மேனேஜர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் அப்பாவா என்று கேட்டாராம். எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினார்களாம். பேசும்போதே அழுதுவிட்டாள். புளி மூட்டையோடு தெருவில் வரும் அப்பாவைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகும்போது அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது அவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் வெற்றிச்செல்வன் வீட்டுக்கே வந்து, மாசி மாதம் எங்கள் பயணத்தை நீங்கள்தான் முன்னால் ஓட்டித் தொடங்கிவைக்க வேண்டும் என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். பந்தலில் ஆட்டிய அதே ஆட்டம்.

அவர்கள் போன பிறகு வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "கத்துக் குடுக்கிறியா?" என்றார். "பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம் சாந்தா."

அபிநயா பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிள் வீட்டில் இருந்தது. நான் அதில்தான் அங்கன்வாடிக்குப் போய்வருவேன். வெள்ளி முளைத்ததும் அதை எடுத்துக்கொண்டு வற்றிப்போன ஏரிக்குள் போவோம். அறுபத்திரண்டு வயதுக்கு அவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார். பத்தாம் நாள் நேராகப் போனார். திருப்பவும் வந்துவிட்டது. இறங்கத்தான் வரவில்லை. பிரேக்கைப் பிடித்தால் காலை ஊன்ற மறந்துவிடுவார். காலை ஊன்றினால் பிரேக்கை மறந்துவிடுவார். கருவேல முள்ளில் மூன்று தடவை விழுந்தார். அவருடைய சைக்கிளிலேயே பழகிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, அதில் அன்றைக்குத்தான் உட்காருவேன் என்றார். அவருக்கு அதுதான் நல்ல நாள்.

ஒருநாள் என் சித்தப்பா மகன் அருணகிரி ஏரிக்கரையில் வந்து நின்றுவிட்டான். மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவன். என் கணவரைக் கேலி செய்வதை ஒரு கடமையாக வைத்திருந்தான்.

"இன்னா மாமா, பொம்பள சைக்கிள்ல இன்னா வேல?"

"பிரேக்கு பாக்கறேன்டா."

"ஏரியிலயா பாப்பாங்க பிரேக்க?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அதிலிருந்து இவர் டீக்கடைக்குப் போகும்போதெல்லாம், "மாமா, பிரேக்கு புடிச்சிதா?" என்று அவன் கேட்பான். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து இவர் டீயை விட்டுவிட்டார்.

இறங்கும் பிரச்சனைக்குக் கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து டீக்கடை வரை சமதரை. அங்கே மேடு ஆரம்பிக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் மேடே வண்டியை நிறுத்திவிடும். நிற்கும்போது காலை ஊன்றினால் போதும். அங்கே அவருக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் போகட்டும். கணக்குச் சரியாக இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டார். அதை நாங்கள் முடிவு செய்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலைதான் பச்சை மிளகாய் கேட்டார்.

சாவு வீட்டுக்கு வெற்றிச்செல்வன் வந்திருந்தார். உண்மையாகவே கலங்கியிருந்தார். அடுத்த நாளே புது நோட்டீஸ் வந்தது. 'மலைச் சைக்கிள் வீரர் ஆதி நினைவுப் பயணம்' என்று பெயர் மாறியிருந்தது. அபிநயா கொடுத்த ஆதார் அட்டைப் படத்தை அறுபது சட்டையில் அச்சடித்தார்கள். ஆதார் படத்தில் யாரும் சிரிப்பதில்லை என்பதால் அவருக்கு ஒரு வீரக்களை வந்திருந்தது. பயணம் எங்கள் வாசலிலிருந்து தொடங்கும் என்றும், அவருடைய சைக்கிளை அவர்களில் மூத்தவரான புருஷோத்தமன் ஓட்டிக்கொண்டு முன்னால் போவார் என்றும் சொன்னார்கள். புருஷோத்தமன் சென்னையில் பல் டாக்டர். அவரிடம் நாற்பது பழைய சைக்கிள்கள் இருந்தன.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அபிநயா அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார்கள் வந்தன. ஒவ்வொரு காரின் தலையிலும் ஒரு சைக்கிள். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் போட்டதாம், மாசி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் என் கணவர். சிலர் மீசையை மெழுகு வைத்து முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பெயரும் பிறந்த வருடமும் இருந்தது. எண்பத்தேழுக்குப் பிறகு பிறந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. விதிகள் மொத்தம் பதினொன்று. ஏழாவது விதியை வெற்றிச்செல்வன் ஒலிபெருக்கியில் இரண்டு முறை வாசித்தார். மேட்டில் இறங்கித் தள்ளக் கூடாது, தள்ளினால் புள்ளி குறையும்.

அருணகிரி அவர்களுக்காக ஒடுகத்தூரிலிருந்து இருபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வைத்திருந்தான். அதையெல்லாம் எடுத்துவிட்டு நாலு பாறாங்கல்லை உருட்டிப் போடச் சொல்லிவிட்டார்கள். டீயும் அவர்களே கொண்டுவந்த மண் குவளையில்தான். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

புருஷோத்தமன் என் கணவரின் சைக்கிளைச் சுற்றி வந்தார். முதலில் இடது பெடல் இல்லாததைப் பார்த்தார். ஒற்றைக் காலால் மிதித்தே மலை ஏறியிருக்கிறார், என்ன பலம் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த வருடத்து மாடலுக்குப் பொருந்துகிற பெடல் ஒன்றைச் சென்னையிலிருந்தே எடுத்து வந்திருந்தார். மாட்டினார். பிறகு சீட்டின் உறையைக் கழற்றினார்.

கழற்றியவர் அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பல்லைப் பார்த்தே வயதையும் பழக்கத்தையும் சொல்கிற மனிதர். கட்டை விரலால் சீட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார்.

"ஒருத்தர் நாப்பது வருஷம் உக்காந்தா தோல்ல ரெண்டு பள்ளம் விழும்மா" என்றார். "இதுல ஒரு ரேகைகூட இல்ல. கடையில இருந்து வந்த மாதிரி இருக்கு."

ஒலிபெருக்கி நின்றது. அறுபது பேரும் சீட்டைப் பார்த்தார்கள், அறுபது ஆதார் முகங்களும் பார்த்தன. வெற்றிச்செல்வன் மெதுவாக, சார் இந்த வண்டியைத்தானே ஓட்டினார் என்று என்னைக் கேட்டார். அபிநயா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அருணகிரி வாயைத் திறந்தான். ஏரியில் பார்த்த பிரேக் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நான் முந்திக்கொண்டேன்.

"அவரு அதுல உக்காந்ததே இல்லீங்க."

சீட்டில் கை வைத்துக்கொண்டே மேலே சொன்னேன்.

"மலைக்குப் போற வண்டியில உக்காரக் கூடாதுங்க. போறப்பவும் தள்ளிகினுதான் போவாரு, வர்றப்பவும் தள்ளிகினுதான் வருவாரு. முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தான்."

"ஏம்மா?" என்றார் வெற்றிச்செல்வன்.

"மலை மேல சாமி கீதுங்க."

நான் சொன்னதில் 'கூடாது' என்ற ஒரு சொல்தான் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்தது. மலைமேல் சாமி இருப்பதும் உண்மைதான்.

புருஷோத்தமன் தொப்பியைக் கழற்றினார். உறையைத் தானே சீட்டுக்கு மாட்டி, ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. வெற்றிச்செல்வன் ஒலிபெருக்கியை வாயருகே வைத்து, ஏழாவது விதி ரத்து செய்யப்படுகிறது என்றார். இன்று யாரும் சைக்கிளில் ஏறக் கூடாது. ஆதி ஐயா போன மாதிரியே போவோம்.

அப்போதுதான் அருணகிரி பேசினான்.

"செருப்பும் போட மாட்டாருங்க மாமா" என்றான் அவன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

என் கணவர் டயர் செருப்பு இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போனதில்லை. அறுபது பேரும் குனிந்தார்கள். சைக்கிள் மிதிப்பதற்கென்றே வெளிநாட்டில் செய்த ஷூக்களைக் கழற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அருணகிரி என் பக்கம் திரும்பவேயில்லை. பிளாஸ்டிக் நாற்காலிக்கும் சேர்த்து அவன் கணக்குத் தீர்த்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். ஆனால் மாமனைக் காப்பாற்றியதும் அவன்தான்.

என் கணவரின் சைக்கிளைப் புருஷோத்தமன் தள்ளினார். புதிதாக மாட்டிய இடது பெடல் ஒவ்வொரு அடிக்கும் அவருடைய கெண்டைக்காலில் இடித்தது. தெருமுனை திரும்புவதற்குள் நொண்ட ஆரம்பித்துவிட்டார். பின்னால் அறுபது பேர், தலைக்கு மேல் படம் பிடிக்கும் குட்டி விமானம், கடைசியில் களைத்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன்.

மேலே நடந்ததை அருணகிரி சாயங்காலம் வந்து சொன்னான். வெற்றிச்செல்வன் புகழ்ந்த ஜல்லி அவர்களுடைய காலுக்கு நன்றாகவே அறிமுகமானதாம். விறகுக் கட்டோடு இறங்கி வந்த மலைப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, "எல்லா வண்டியும் பஞ்சராங்க?" என்று கேட்டிருக்கிறாள். மேலே ஒரு கடை இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டான் என்றும் வருத்தத்தோடு சொன்னாளாம். மூன்றாவது வளைவுக்குள் பதினாறு பேர் வேனில் ஏறிவிட்டார்கள். வெறும் வண்டியைத் தள்ளுவதே இவ்வளவு கஷ்டமா என்று வேனுக்குள் ஒருவர் கேட்டாராம்.

அவன் போன பிறகு அபிநயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நீதானம்மா சைக்கிள் கத்துக் குடுத்த" என்றாள். "அப்பா ஒரு நாளும் புடிக்கக்கூட வரல."

நான் ஒரு கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"சாமிக்கு பயந்தவரு, இல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்பே தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆட்டம் எனக்குப் பழக்கமானது.

கருமாதி முடிந்த பிறகு, சைக்கிளைப் பெங்களூரில் ஒரு கண்ணாடி அறையில் வைத்துப் பாதுகாக்கிறோம் என்று வெற்றிச்செல்வன் கேட்டார். தண்ணீர் எடுக்க இந்த வண்டி வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வருடமும் வந்தார்கள், இந்த வருடமும் வந்தார்கள். முதல் மூன்று மைல் வெறுங்காலோடு தள்ளுவது இப்போது அவர்களுடைய முதல் விதி. ஜவ்வாது மலையின் பழங்கால வழக்கம் என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அபிநயா போனில் படித்துக் காட்டினாள். அதற்கு ஐந்நூறு வருடம் வயது போட்டிருந்தார்கள். அதைவிட ஆச்சரியம், மலைமேல் ஒரு பெரியவர், ஆமாம், எங்கள் தாத்தா காலத்திலும் அப்படித்தான் தள்ளினார்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அருணகிரி கேட்டிருக்கிறான். அவ்வளவு தூரம் வந்து கேட்கிறார்கள், இல்லை என்று எப்படிச் சொல்வது என்றாராம்.

பாதைக்கு இன்னும் தார் வரவில்லை. மனு எழுதும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

பல் டாக்டர் மாட்டிய பெடலைக் கழற்றிப் பழைய பெடலோடு பரணில் போட்டேன். குடம் வைத்துத் தள்ளும்போது காலில் இடிக்கிறது. திரும்பி வரும்போது குடம் நிறைந்திருக்கும். போகும்போது வண்டி காலிதான். இரண்டில் ஒரு பெடலை மாட்டிக்கொண்டு நான் ஓட்டிப் போகலாம், குழாய் இருக்கிற ஏரி மேடு வரை நல்ல பாதைதான். ஆனாலும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

தையில் குடைத்துணி கிழிந்துவிட்டதால் வேறு உறை தைத்தேன். போடுவதற்கு முன்னால், பல் டாக்டர் செய்த மாதிரியே கட்டை விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்தேன். சீட்டில் பள்ளம் எதுவும் விழவில்லை.